நடையை அளக்கிற வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருக்கும் அண்ணாச்சிக்கு வணக்கம்.

மகள் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்திருக்கிறாள். சென்னையில் மனித அசைவு ஆய்வுக்கூடம் ஒன்றில் தொழில்நுட்ப வல்லுநர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். “ஆள் நடக்கிறதைப் பார்க்க ஒரு வேலையா, இதை நம்பி அனுப்பலாமா” என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த வேலை என்ன, அதில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு அனுப்புங்கள்.

பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளை முன்பாதத்தை ஊன்றி, முழங்கால் மடங்கியபடியே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தசையைத் தளர்த்துவது, எலும்பைத் திருத்த வேண்டுமா என்று அறுவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே சமயத்தில் அசைவதால் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. அதற்காகத்தான் இந்தக் கூடம். செயற்கைக்கால் பொருத்தியவர், பக்கவாதத்திலிருந்து எழுந்து நடப்பவர், முதுகுவலியோடு பந்து வீசும் இளைஞர் என்று பலரும் அங்கே வருவார்கள்.

அங்கே உங்கள் மகளின் கை எங்கே வருகிறது? சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள் இருக்கும். நொடிக்கு 100, 200 படம் எடுப்பவை. வந்தவர் உடம்பில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகளை ஒட்ட வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் இடுப்புக்குக் கீழே மட்டும் 16 உருண்டைகள். எலும்பு துருத்தும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்துத்தான் ஒட்ட முடியும். தொடைப் பக்கம் ஒட்டுகிற உருண்டை கொஞ்சம் முன்னே பின்னே போனால், தொடை உள்பக்கம் திருகியிருப்பதாகக் கணினி காட்டும். மருத்துவர் அந்த வரைபடத்தை நம்பினால், இல்லாத திருகலுக்கு எலும்பை வெட்டித் திருப்புகிற பேச்சே எழுந்துவிடும். கருவியை இயக்க யாரையும் பழக்கிவிடலாம். இந்த இடத்தில் தவறாத கைக்குத்தான் மதிப்பு.

தரையோடு தரையாக விசைத் தகடுகள் பதித்திருப்பார்கள். பாதம் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதை நொடிக்கு 1000 தடவைகூட அளக்கும். பாதம் முழுதாக அதன்மேல் விழ வேண்டும். ஆனால் “இதில் மிதியுங்கள்” என்று சொல்லவும் கூடாது, சொன்னால் நடையே மாறிவிடும். நாலு தடவை, பத்துத் தடவை என்று அவரை இயல்பாக நடக்க விட்டு, சரியான அடி விழும்வரை காத்திருக்க வேண்டும். கொலுசு மின்னினால்கூட கேமரா அதையும் ஓர் உருண்டை என்று எடுத்துக்கொள்ளும். ஜன்னல் வெயிலும் அப்படித்தான். காலையில் முதல் வேலையே இதையெல்லாம் பார்த்து மறைத்துவிட்டு, கேமராக்களை அளவு சரிபார்ப்பது. அப்புறம் அளந்ததைக் கணினியில் சுத்தம் செய்ய வேண்டும்: விட்டுப்போன புள்ளிகளை நிரப்பி, அளவில் கலந்த பிசிறை வடிகட்டி, மூட்டுக் கோணங்களைக் கணக்கிட வேண்டும். ஆளோடு செலவாகும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்கும். திரும்பத் திரும்பச் சரிபார்க்கப் பொறுமை இல்லாத பிள்ளை என்றால், இப்போதே வேறு வேலை பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளக்க வருகிறவர் அரைக்கால் சட்டையில் நிற்க வேண்டியிருக்கும், தொட்டுத்தான் ஒட்ட வேண்டியிருக்கும். நம் ஊர்ப் பெண்கள் ஆண் ஊழியர் முன்னால் அதற்குக் கூசுவார்கள். அங்கே ஒரு பெண் வல்லுநர் இருப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். பெண் பிள்ளை என்று தயங்குகிறீர்களே, அண்ணாச்சி, இந்த வேலைக்குப் பெண் பிள்ளைகள் கட்டாயம் வேண்டும்.

சரி, சம்பளம். இதில் பூசி மெழுக விரும்பவில்லை. இந்த வேலைகளில் பெரும்பாலானவை திட்டப் பணிதான். ஒரு வருடத்துக்கோ மூன்று வருடத்துக்கோ பணம் ஒதுக்கியிருப்பார்கள், திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். மத்திய அரசு உதவும் ஆய்வுகளில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. அதற்கு நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். அது இல்லாமல் திட்டப் பணியில் சேர்ந்தால் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் அவள் வேலைக்குப் போனாலும் கேட் தேர்வை விட வேண்டாம். நிரந்தரத் தொழில்நுட்ப அலுவலர் பதவிகள் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உண்டு, எப்போதாவதுதான் அறிவிப்பு வரும். பாதுகாப்பு என்பது பதவியில் இல்லை, கற்றுக்கொண்டதில்தான் என்று நான் சொல்வது இதனால்தான். அளக்கும் திறன், பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது, நோயாளியோடு பேசும் பக்குவம் மூன்றும் ஒரே ஆளிடம் அமைவது அரிது. அப்படி ஒருத்தியைச் செயற்கை உறுப்பு செய்பவர்களும், விளையாட்டு அறிவியல் மையங்களும், காலணி ஆய்வு செய்பவர்களும் தேடுவார்கள். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியருக்கென்று காலணி அளவு வகுக்கப் பெரிய அளவில் பாதங்களை அளந்ததே, அதுவும் இந்தக் குடும்பத்து வேலைதான்.

மேலே படிக்க நினைத்தால், சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் மருத்துவப் பொறியியல் எம்.டெக். பற்றி விசாரியுங்கள். ஐ.ஐ.டி.யிலேயே மறுவாழ்வுக் கருவிகளுக்கென்று தனி ஆய்வு மையம் இருக்கிறது. 2022-ல் கதம் என்ற செயற்கை முழங்கால் மூட்டு வெளியானது அங்கிருந்துதான். சென்னை உங்களுக்கு ஒரு ராத்திரி ரயில் என்றால், திருவனந்தபுரம் அதைவிடப் பக்கம்.

நேர்முகத் தேர்வுக்கு முன் வீட்டிலிருந்தே செய்ய ஒரு வேலை உண்டு. உடம்பின் அசைவைக் கணினியில் உருவாக்கிப் பார்க்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஓபன்சிம், படத்தில் கோணம் அளக்கும் கினோவியா என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். ஒரு செல்போனைத் தாங்கியில் வைத்து, பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் நிறுத்தி உங்கள் நடையையே படம் பிடிக்கட்டும். உங்கள் பக்கம் பீடி சுற்றும் அக்காமார் நாள் முழுக்கத் தலை குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், கழுத்துவலியும் சொல்கிறார்கள். ஒருவரிடம் சம்மதம் கேட்டு, காலையிலும் சாயங்காலமும் கழுத்து எத்தனை பாகை சாய்கிறது என்று அளந்து இரண்டு பக்கம் எழுதட்டும். தேர்வுக் குழு முன்னால் மதிப்பெண் பட்டியலைவிட அந்த இரண்டு பக்கத்தை வைத்து நல்ல பேச்சு நடக்கும்.

அங்கே அவள் தயங்காமல் கேட்க வேண்டியவையும் உண்டு. திட்டம் எந்த மாதம் முடிகிறது? கருவியில் பயிற்சி தருவது யார்? ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் வருமா? வெறுமனே கேமராவைத் தட்டிவிட்டு நிற்க மட்டும் ஆள் தேடுகிறார்கள் என்று பதிலில் தெரிந்தால், சம்பளம் கூட இருந்தாலும் வேண்டாம். பயிற்சி தருகிற இடம் என்றால் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரட்டும். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடும் முன் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பிரிவு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.