வாத்தியார் பதில்கள்: ரோமாபுரிச் சாமிகள்

போன இதழில் ரோமாபுரிக்குக் கப்பலேறிய மிளகையும் படியூர் ரத்தினக் கல்லையும் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி மிளகை விட்டுவிட்டு அவர்களுடைய சாமிகளைப் பிடித்துக்கொண்டன. சரி, இந்த மாதத்தை அதற்கே ஒதுக்கிவிடலாம்.

கோழி இரை எடுத்தால்தான் ரோமானியர் போருக்குப் போவார்களாமே, கதையா நிஜமா?
(கோழிப்பண்ணை வைத்திருக்கும் வாசகர், பல்லடம்)

நிஜந்தானுங்க. படையோடு கூண்டில் கோழிகளும் போகும். அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் உண்டு. சண்டைக்கு முன்னால் கூண்டைத் திறந்து தீனி போடுவார்கள். பரபரவென்று கொத்தி, அலகிலிருந்து தீனி தரையில் சிந்தினால் சகுனம் நல்லது. வெளியே வராமல் முரண்டு பிடித்தால் அன்றைக்குச் சண்டை கிடையாது.

எல்லோரும் சொல்லும் கதை புப்ளியஸ் கிளாடியஸ் புல்கர் என்ற ரோமானியத் தளபதியுடையது. கி.மு. 249, சிசிலித் தீவின் திரெபானா துறைமுகம், எதிரி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். கோழிகள் தீனியைத் தொடவில்லை. "தின்னாவிட்டால் குடிக்கட்டும்" என்று கடலில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். அன்று 93 கப்பல் போயிற்று. ஊர் திரும்பியவருக்கு விசாரணை, அபராதம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கி.மு. 293-ல் நடந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கும் கதை. இத்தாலியின் மலைநாட்டுக்காரர்களான சம்னைட்டுகளோடு சண்டை. தளபதி பாப்பிரியஸ் குர்சோர். படை மொத்தமும் எப்போது எப்போது என்று துடிக்கிறது. கோழி தின்னவில்லை. கோழிக்காரருக்கும் அந்தத் துடிப்புத் தொற்றிவிட்டதோ என்னவோ, "பிரமாதமாகத் தின்றது" என்று சொல்லிவிட்டார். அப்புறம் கோழிக்காரர்களுக்குள் வாக்குவாதம். அது குதிரைப்படைக்காரர் காதில் விழ, அவர்கள் தளபதியின் அண்ணன் தம்பி மகனிடம் சொல்ல, அவன் ஓடிப்போய்ச் சித்தப்பனிடம் சொன்னான். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? சண்டையைத் தள்ளிவைப்போம். குர்சோர் சொன்ன பதில் வேறு: "எனக்கு நல்ல சகுனம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. எனக்கும் படைக்கும் அது செல்லும். பொய் சொல்லியிருந்தால் அந்தப் பாவம் சொன்னவன் தலையில்." அதோடு விடாமல் கோழிக்காரரை முன்வரிசையில் நிறுத்தினார். சண்டை தொடங்குமுன் எங்கிருந்தோ வந்த ஈட்டி அந்த ஆளைச் சாய்த்தது. "பாருங்கள், தெய்வம் களத்துக்கு வந்துவிட்டது" என்றார் தளபதி. ஜெயித்தும் விட்டார்.

கோழி உண்மையில் தின்றதா என்பது அங்கே இரண்டாம் பட்சம். முறை தவறாமல் நடந்ததா என்பதே கேள்வி. ரோமானியர் சமயத்தில் பாதி இந்த ஒரு கதையில் இருக்கிறது. சிசரோ என்ற பெரிய பேச்சாளர் தானே சகுனம் பார்க்கும் குழுவில் பதவி வகித்தவர். கூண்டில் பட்டினி போட்ட கோழி தீனியைச் சிந்தாமல் என்ன செய்யும் என்று அவரே எழுதியிருக்கிறார். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கத்தை ஒழித்துக்கட்டு என்று அவர் சொல்லவில்லை.

வெள்ளலூரில் கிடைத்த அகஸ்தஸ் வெள்ளிக்காசின் படத்தை எங்கள் பாடப் புத்தகத்தில் பார்த்தேன். இரண்டு பையன்களுக்கு நடுவே மேலே ஒரு கரண்டி, ஒரு வளைந்த குச்சி. அவை எதற்கு?
(கல்லூரி மாணவி, கோவை)

அம்மணி, நல்ல கண்ணு உனக்கு. பல பேர் ராஜா தலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

1842-ல் வெள்ளலூரில் கிடைத்த புதையலில் 500-க்கும் மேல் வெள்ளிக்காசுகள். பெரும்பாலும் ரோமின் முதல் சக்கரவர்த்தி அகஸ்தஸ், அவருக்கு அடுத்து வந்த திபேரியஸ் காலத்தவை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிது, எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நீ பார்த்த காசை அடித்த ஊர் இன்றைய பிரான்சின் லியோன். பையன்கள் கையஸும் லூசியஸும். அகஸ்தஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், அவரே தத்தெடுத்துப் பிள்ளைகளாக்கிக்கொண்டவர்கள். ஆளுக்கொரு கேடயம், ஈட்டி.

அந்தக் கரண்டி பூசையில் திராட்சை மது மொண்டு ஊற்றுவது. பூசகர் குழுவின் அடையாளம். கையஸ் அந்தக் குழுவில் இருந்தான். வளைந்த குச்சி சகுனக்காரருடையது. அதை நீட்டி ஆகாயத்தை எல்லை பிரித்துக்கொண்டு, பறவை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். லூசியஸ் அந்தக் குழு. ஆக, இரண்டு வாரிசுகளின் பதவிச் சின்னங்களும் ஒரே காசில். பாவம், லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் கி.பி. 4-லும் இறந்துபோனார்கள். முகம் மட்டும் நொய்யல் கரை வரைக்கும் வந்துவிட்டது.

காசின் முன்பக்கத்தில் அகஸ்தஸைச் சுற்றி இருக்கும் எழுத்தையும் பார். தன்னைத் 'தெய்வமானவரின் மகன்' என்று சொல்லிக்கொள்கிறார். அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசரை கி.மு. 42-ல் செனட் சபை தீர்மானம் போட்டுத் தெய்வமாக்கியது. திபேரியஸ் காசின் பின்பக்கத்தில் 'தலைமைப் பூசகர்' என்ற பட்டம் இருக்கும்.

பூசைக்கென்று பிறந்த தனிச் சாதி ரோமில் கிடையாது. வழக்காடுகிறவர், படை நடத்துகிறவர், செனட்டில் உட்காருகிறவர், பெரிய பூசகர் எல்லாம் ஒரே வட்டம். சீசர் கி.மு. 63-ல் தலைமைப் பூசகர் தேர்தலில் நின்றபோது கழுத்தளவு கடன். அன்று காலையில் தாயிடம், "திரும்பினால் தலைமைப் பூசகராகத் திரும்புவேன், இல்லையென்றால் வீடு திரும்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நம் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி விளங்கும். ஜெயித்தார். அந்தப் பதவி சாகும்வரைக்கும் என்பதால், அகஸ்தஸ் சக்கரவர்த்தியான பிறகும் அதில் இருந்த பழைய போட்டியாளர் லெபிடஸ் கண்ணை மூடும்வரை காத்திருந்து, கி.மு. 12-ல்தான் எடுத்துக்கொண்டார். சக்கரவர்த்தி நினைத்திருந்தால் பிடுங்கியிருக்கலாம். முறை இருக்கிறதே!

கிணறு வெட்டும்போது இப்படிக் காசு கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?
(விவசாயி, அவிநாசி)

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நீங்கள் உங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குமுன் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கரண்டியும் குச்சியும் தேய்ந்துபோகும்.

எங்கள் மாசாணியம்மன் கோயிலில், வீட்டில் திருட்டுப் போனால் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவோம். ரோமானியரிடம் இப்படி ஏதாவது உண்டா?
(வாசகி, ஆனைமலை)

மிளகாய் அப்போது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் திருடனைச் சாமியிடம் மாட்டிவிடும் வேலை அங்கும் மும்முரமாக நடந்திருக்கிறது.

இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு வெந்நீர் ஊற்று. ரோமானியர் வருமுன்பே அங்கே சூலிஸ் என்ற பெண் தெய்வம் இருந்தது. இவர்கள் போய்த் தங்கள் மினர்வாவோடு அவளைச் சேர்த்து 'சூலிஸ் மினர்வா' என்று கும்பிட்டார்கள். 1979-80-ல் அந்த ஊற்றைத் தோண்டியபோது ஏறத்தாழ 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. மெல்லிய தகட்டில் முறையீட்டைக் கீறி, சுருட்டித் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். கொலை, சொத்துத் தகராறு என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். குளிக்கப் போன இடத்தில் துணி போயிற்று, கையுறை போயிற்று. முக்கால்வாசி இந்த மாதிரிதான்.

தோசிலியானஸ் என்பவருடைய தகட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவருடைய முக்காடு வைத்த மேலாடை களவு போய்விட்டது. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, அவருக்குச் சாவு வரட்டும், தூக்கம் வேண்டாம், பிள்ளைகுட்டி இப்போதும் வேண்டாம் இனிமேலும் வேண்டாம், மேலாடையைக் கொண்டுவந்து கோயிலில் சேர்க்கும்வரைக்கும் என்று எழுதியிருக்கிறார். ஒரு மேலாடைக்கு வம்சமே போக வேண்டுமாம்! ஆனால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு சந்துபொந்து விடவில்லை பாருங்கள். ஆண், பெண், அடிமை என்று ஒன்றை விட்டுவிட்டால் திருடன் அந்த வழியாகத் தப்பித்துவிடுவான் என்ற பயம். அன்னியானஸ் என்ற இன்னொருவர் பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு போனதற்கு எழுதும்போது, 'கிறிஸ்தவனாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி' என்று அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பழைய தெய்வத்தின் ஊற்றில் போட்ட மனுவில் புது மதத்துக்காரரும் வந்துவிட்டார்.

நல்லது நடந்தாலும் எழுதிவைத்தார்கள். 'நேர்ந்துகொண்டதை மனமுவந்து, கடமைப்படி செலுத்தினேன்' என்பதை நான்கே எழுத்தில் சுருக்கிப் பலிபீடக் கல்லில் வெட்டுவார்கள். பேரரசின் எல்லை வரைக்கும் அந்தக் கற்கள் கிடக்கின்றன. சொன்னதைச் சாமி செய்தது, சொன்னதை நான் செய்தேன், கணக்குத் தீர்ந்தது.

பெண்கள் பூசை செய்தார்களா?
(தறி ஓட்டும் வாசகி, சோமனூர்)

செய்தார்கள். பெரிய பெயர், அடுப்புத் தெய்வமான வெஸ்தாவின் பூசாரிகளான வெஸ்தா கன்னியர். ஆறு பேர். 6 வயதுக்கும் 10 வயதுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பார்கள், 30 ஆண்டுப் பணி. ஊர் அடுப்பின் நெருப்பு அணையாமல் பார்ப்பதும், பலிக்கு முன் தூவும் உப்பு மாவு தயாரிப்பதும் அவர்கள் பொறுப்பு. மற்றப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை, உயில் எழுதும் உரிமை எல்லாம் உண்டு. கற்பு தவறியதாகக் குற்றம் சாட்டி நிரூபித்தால் உயிரோடு நிலவறையில் வைத்து மூடிவிடுவார்கள். தொமிஷியன் சக்கரவர்த்தி ஆட்சியில் தலைமைக் கன்னியான கொர்னேலியாவுக்கு அது நடந்தது. பெருமை என்று மட்டும் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லா ஊர்ச் சாமியையும் சேர்த்துக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்களை மட்டும் ஏன் வதைத்தார்கள்?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஈரோடு)

தம்பி, 'எல்லாவற்றையும்' என்பதில் கொஞ்சம் திருத்தம். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலியை ஆட்டிவைத்த நேரத்தில், கி.மு. 204-ல், இன்றைய துருக்கிப் பக்கமிருந்து சிபெலே தாயின் கருங்கல்லைக் கப்பலில் தருவித்தார்கள். கோயிலும் கட்டினார்கள். ஆனால் அவளுடைய பூசாரிகள் ஆண்மை நீக்கிக்கொண்டவர்கள் என்பதால், ரோமக் குடிமகன் யாரும் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது என்று தடை. கி.மு. 186-ல் மதுத் தெய்வமான பாக்கஸின் வழிபாட்டுக் குழுக்களை செனட் அடக்கியது. அப்போதும் முழுதாக ஒழிக்கவில்லை. அனுமதி வாங்கு, ஐந்து பேருக்குமேல் கூடாதே, அதில் ஆண் இரண்டு, பெண் மூன்று என்று கணக்குப் போட்டார்கள். கவலையெல்லாம் சாமியைப் பற்றி இல்லை, ராத்திரியில் ரகசியமாகக் கூடும் கூட்டத்தைப் பற்றி.

கிறிஸ்தவர்களிடம் சிக்கல் எங்கே வந்தது? உன் சாமியைக் கும்பிடு, ஊர்ச் சாமிக்கும் சக்கரவர்த்தி சிலைக்கும் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடு என்றார்கள். இவர்கள் முடியாது என்றார்கள். கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ஆளுநர் சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சோதனை விவரமாக இருக்கிறது. சாம்பிராணியும் மதுவும் வைத்து, கிறிஸ்துவைப் பழித்தவர்களை விட்டுவிட்டார். டிராஜன் பதிலும் உண்டு: தேடிப் பிடிக்காதே, மொட்டைக் கடிதாசியை ஏற்காதே.

250-ல் டீசியஸ் சக்கரவர்த்தி எல்லோரும் பலியிட வேண்டும் என்று ஆணை போட்டார். பலியிட்டவருக்குச் சான்றிதழ். எகிப்தின் மணலில் இவை நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. 'நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன். இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், மது வார்த்தேன், படையலைச் சுவைத்தேன்' என்று எழுதி, கீழே அதிகாரி கையெழுத்து. நீ மனதில் என்ன நம்புகிறாய் என்று அதில் ஒரு வரி கிடையாது. செய்தாயா, இல்லையா, அவ்வளவே. அந்த அரசாங்கத்துக்கு அது சின்ன விஷயம். கிறிஸ்தவருக்கு அதுவே உயிர். இரண்டு பக்கமும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை.

யூதர்களும் பலியிட மறுத்தவர்கள்தானே என்று கேட்பாய். அவர்களுடையது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று மதித்தார்கள். மேலும் எருசலேம் கோயிலில் சக்கரவர்த்தியின் நலனுக்காகத் தினமும் பலி நடந்தது. 66-ல் அதை நிறுத்தியது பெரும் போரில் முடிந்தது. தேர்வுக்கு: பெரும் வதை 303, டயோக்ளீஷியன். வழிபாட்டுச் சுதந்திரம் 313, கான்ஸ்டன்டைன். பழைய பலிகளுக்குத் தடை 391, தியோடோசியஸ்.

கொடுமணலில் ரோமானியர் கோயில் புதைந்திருப்பதாக யூடியூபில் பார்த்தேன். உண்மையா?
(வாசகர், சென்னிமலை)

இல்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்தவை மணி செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய தடயங்கள், பெயர் கீறிய பானை ஓடுகள், பெருங்கற்காலக் கல்லறைகள். பதிற்றுப்பத்து அந்த ஊரின் அணிகலனைப் பாடுகிறது, கோயிலை அல்ல.

கடற்கரைப் பக்கம் மட்டும் ஒரு துப்பு உண்டு. 'பியூட்டிங்கர் வரைபடம்' என்று ஒரு நீளமான ரோமானிய வழிப்படம், நடுக்காலத்தில் தோலில் எடுத்த பிரதி, வியன்னாவில் இருக்கிறது. அதில் பழைய சேரர் துறைமுகமான முசிறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடம் வரைந்து 'அகஸ்தஸ் கோயில்' என்று எழுதியிருக்கிறது. அங்கே தங்கி வியாபாரம் பார்த்த ரோமப் பேரரசின் வணிகர்கள் கட்டியிருக்கலாம். முசிறி என்று கருதப்படும், கேரளத்திலுள்ள பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் மதுச்சாடி ஓடுகள் ஏராளமாக வந்தன. கோயில் கல் ஒன்றும் வரவில்லை. அதற்குள் உங்கள் யூடியூப்காரர் கொடுமணலில் கோபுரமே எழுப்பிவிட்டார்.