நீங்கள் கேட்டவை: ஏரிக்குள் தண்டால் எடுக்கும் தவளை

கடலில் 18 மீட்டர் வரை முங்கியிருக்கிறேன். போன இதழில் வந்த உங்கள் டிட்டிகாகா ஏரிப் படங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஏரிதானே, சுலபமாக இருக்குமா?
- தூத்துக்குடி வாசகர்

நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். பெரு, பொலிவியா எல்லையில் இருக்கும் அந்த ஏரியின் நீர்மட்டமே 3,812 மீட்டர் உயரம். காற்றழுத்தம் உங்கள் கடற்கரையில் இருப்பதில் சுமார் 63 சதவீதம்தான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகும்; அங்கே இரண்டரை மடங்கு. மேலே வரும்போதும் அதே கணக்குதான். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும் ஆபத்து அங்கே கூடுதல். கடற்கரையிலிருந்து நேராகப் போனவருக்குத் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே, அங்குள்ள குறைந்த காற்றழுத்தத்துக்கு உபரியான நைட்ரஜன் உடம்பில் இருக்கும். என்னை ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்காரவைத்தார்கள். முங்கி முடித்ததும் கிளம்பவும் விடவில்லை. விமானம் ஏற வேண்டிய பொலிவியாவின் லா பாஸ் விமான நிலையம் ஏரியைவிட உயரம், 4,061 மீட்டர்!

தண்ணீருக்குள் படமெடுக்க எந்த கேமரா வாங்கலாம்?
- போடி வாசகி

முதலில் தரையைத் தொடாமல் மிதக்கப் பழகுங்கள் அம்மா. குளிருக்குப் போட்ட தடித்த உடை மேலே மிதக்கவைக்கும் என்பதால், கீழே இறங்க ஈயக்கட்டிகளை அள்ளிக் கட்டினேன். நன்னீரில் கடலைவிட எடை குறைவாகப் போதும் என்பது மறந்தே போனது. கல்லாகப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன். நாற்பது படம், நாற்பதும் புகைமூட்டம். ஃபிளாஷ் அடிக்க அடிக்கச் சேற்றுத் துகள்தான் மின்னியது.

அந்த ஏரியில் ராட்சதத் தவளை உண்டாமே?
- கும்பகோணம் வாசகர்

உண்டு. 1968-இல் குட்டி நீர்மூழ்கிகளோடு போன பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்டோவின் குழு, கால் நீட்டினால் அரை மீட்டர் வரும் தவளைகளைப் பார்த்ததாகச் சொன்னது. நான் பார்த்தது உள்ளங்கை அளவுதான். தாத்தாவின் சட்டையைப் பேரன் போட்டதுபோல் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். மூச்சு பெரும்பாலும் அந்தத் தோல் வழியேதான். ஆக்சிஜன் குறைந்தால் தண்டால் எடுப்பதுபோல் எழுந்தெழுந்து தாழும். மடிப்புகளுக்குள் புதுத் தண்ணீர் புகுவதற்காக. 2016-இல் பெரு பக்கம் கோவாட்டா ஆற்றில் சுமார் 10,000 தவளைகள் செத்து மிதந்தன. அசுத்த நீர்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் போராடினார்கள்.

என் தவளை ஆறு தண்டால் எடுத்தது. ஐந்தாவதுதான் நீங்கள் பார்த்த படம்.