காற்றுக் குழாயை மறைத்து இன்ஜின் அறையைச் சுத்தமாக்குவது எப்படி? கேள்வி பதில்

பானட்டைத் திறந்ததும் இன்ஜின் மட்டும் தெரிய வேண்டும், ஏர் ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியும், அதிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் நெளிந்த குழாயும் கண்ணில் படக் கூடாது என்று கார் கட்டுகிற பலரும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். அப்படி ஓர் இன்ஜின் அறையைப் பார்த்தால் எனக்கும் நகர மனம் வராது. ஏர் ஃபில்டரை வேறிடத்துக்குக் கொண்டுபோவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாவற்றிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பெட்டி எங்கே போனாலும் இன்ஜினுக்கு அது தெரியக் கூடாது. அதே அளவு காற்று, அதே குளிர்ச்சி, அதே சுத்தம்.

அண்ணா, என்னிடம் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு ஃபில்டரைப் பம்பருக்குள் இறக்கினால் பவர் கூடுமா? (திருப்பூர்)

இறக்கலாம் தம்பி, ஆனால் பவருக்காக இறக்காதீர்கள். கம்பெனிப் பெட்டி பார்க்க அசிங்கமாக இருந்தாலும், அதன் மூக்கு பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னாலோ ஃபெண்டர் பக்கமோதான் நீண்டிருக்கும். வெளிக்காற்றைத்தான் அது குடிக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, இன்ஜின் அறைக்குள்ளேயே ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டுகிறவர்கள் இழப்பதுதான் அதிகம். 30 டிகிரிக் காற்றுக்குப் பதில் 60 டிகிரிக் காற்று உள்ளே போனால் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி மந்தமாக இருப்பது அதனால்தான்.

சத்தம் கூடியதைப் பவர் கூடியதாக நினைத்துவிடவும் கூடாது. கம்பெனிக் குழாயில் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெற்றுப் பெட்டி ஒரு ரெசனேட்டர்; உறிஞ்சும் சத்தத்தை அது அடக்குகிறது. அது போனதும் இன்ஜின் உறுமும்.

பம்பருக்குப் பின்னால், சக்கர லைனருக்கு (டயரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மறைப்பு) முன்னால் உள்ள குழிதான் சரியான இடம். அந்த லைனரை மட்டும் வெட்டவோ கழற்றவோ வேண்டாம். டயர் வாரி அடிக்கும் சேறு நேராக ஃபில்டரில் விழும். குழாய் போக ஏற்கெனவே உள்ள ஓட்டையையே பயன்படுத்துங்கள். பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால், சஸ்பென்ஷன் டவர், சேஸி மெம்பர் போன்ற பாரம் தாங்கும் பகுதிகள் பக்கம் போகாமல் தகட்டில் மட்டும் வெட்டி, விளிம்பை ராவி, பிரைமர் அடித்து, ரப்பர் பீடிங் போடுங்கள். வெட்டிய விளிம்பைப் பச்சையாக விட்டால் ஒரு மழைக்காலத்திலேயே துரு பிடித்துவிடும். இன்னொன்று, பம்பரைக் கழற்றாமல் ஃபில்டரை எடுக்க வழி வைத்துக்கொள்ளுங்கள். கை எட்டாத ஃபில்டரை யாரும் சுத்தம் செய்வதில்லை.

பழைய ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ. எம்ஏஎஃப் சென்சாரை மட்டும் எடுத்து 3 அங்குல அலுமினியக் குழாயில் பொருத்தினோம். செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஐடிலும் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) சரியில்லை. ஏன் சார்? (கோவை)

எம்ஏஎஃப் என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார். ஆனால் குழாயில் போகிற எல்லாக் காற்றையும் அது அளப்பதில்லை. நடுவில் தன்னைத் தொட்டுப் போகிற காற்றின் வேகத்தைப் பார்த்து, மொத்தம் எவ்வளவு என்று இசியு (இன்ஜினின் கணினி) கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு அது பிறந்த குழாயின் விட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். பேச்சுக்கு, 70 மில்லிமீட்டர் குழாயில் இருந்த சென்சாரை 76 மில்லிமீட்டருக்கு மாற்றினால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று இப்போது மெதுவாகப் போகும். சென்சார் குறைவாகச் சொல்லும், பெட்ரோல் குறைவாக விழும். டர்போ வண்டியில் பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) ஏறும்போது கலவை இப்படி வறண்டால் நாக்கிங் (கலவை கட்டுக்கடங்காமல் வெடிப்பது) வந்து பிஸ்டனே சேதமாகலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சென்சாரை அதன் பழைய வீட்டோடு, உள்ளிருக்கும் வலையோடு, அப்படியே புதிய குழாய்க்கு நடுவில் வையுங்கள். அதற்கு முன்னால் முடிந்தவரை நேரான குழாய் வேண்டும். வளைவை ஒட்டியே வைத்தால் காற்று சுழன்று வந்து அளவு தள்ளாடும். காற்று போகும் திசைக்கான அம்புக்குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இன்ஜினில் டைவர்ட்டர் வால்வு ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் பூஸ்ட் காற்றைத் திருப்பிவிடுவது அதுதான். அதிலிருந்து திரும்பும் குழாய், எம்ஏஎஃபுக்கும் டர்போவுக்கும் இடையில்தான் சேர வேண்டும். சுத்தமாகத் தெரியட்டும் என்று அதை வெளியே திறந்துவிட்டால், அளந்த காற்று வெளியே போய்விடும், அதற்கான பெட்ரோல் மட்டும் விழும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கரும்புகை. எம்ஏஎஃபுக்குப் பிறகு உள்ள ஒவ்வொரு கிளாம்பையும் ஒருமுறை சோதியுங்கள். சிறு கசிவுகூட ஐடிலைக் கெடுக்கும்.

ஹோண்டா சிட்டி விடெக். வால்வு கவரிலிருந்து ஏர் பைப்புக்கு வரும் ஹோஸைத் துண்டித்து ஒரு குட்டி ஃபில்டர் மாட்டலாமா? (சேலம்)

வேண்டாம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை மறுபடி எரிக்கத்தான் அந்த ஏற்பாடு. வெளியே விட்டால் எண்ணெய்ப் புகை நாற்றம் ஏசி வழியாகக் காருக்குள் வரும், வால்வு கவர் மேலே எண்ணெய் படியும். நீங்கள் சுத்தப்படுத்த நினைத்த இடமே அழுக்காகிவிடும். ஹோஸ் கண்ணை உறுத்தினால் இன்ஜினுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய்ப் புதிய குழாயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் சேருங்கள். நடுவில் ஒரு மூடிய கேட்ச் கேன் வைத்தால் எண்ணெய் அதில் தங்கிவிடும்.

பிளம்பிங் பிவிசி குழாயை வளைத்துப் பெயின்ட் அடித்துப் போடலாமா? செலவு குறைவு. (தஞ்சாவூர்)

போடக் கூடாது. சாதாரணப் பிவிசி 80 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கும். எக்ஸாஸ்ட் பக்கம் அதைவிடச் சூடு வரும். அலுமினியக் குழாயும் சிலிக்கான் ஹோஸும் வாங்குங்கள். குழாயின் முனையைச் சுற்றி ஒரு சிறு மேடு எழுப்பச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். ஒரு முனை இன்ஜினில், மறுமுனை பாடியில் என்று பூட்டுகிறபோது இடையில் வளையக்கூடிய ஹோஸ் கண்டிப்பாக வேண்டும். இன்ஜின் தன் மவுன்டில் ஆடும், பாடி ஆடாது.

வேளச்சேரியில் இருக்கிறேன். ஃபில்டரைக் கீழே வைத்தால் மழையில் என்ன ஆகும்?

நீங்கள் பயப்படுவது நியாயம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போய், பிஸ்டன் மேலே வந்து அதில் முட்டும்போது வளைவது கனெக்டிங் ராட். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் ஏறிய இன்ஜின்களை ஸ்டார்ட் செய்து பார்த்தே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பதும் கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

சில துளிகள் ஒன்றும் செய்யாது. ஃபில்டர் முழுகினால்தான் ஆபத்து. முழுகும்போது மேலேயுள்ள வாயைத் திறந்து காற்றை உள்ளே விடும் பைபாஸ் வால்வு கிடைக்கிறது. டர்போ இல்லாத வண்டிக்குத்தான் அது ஆகும். ஆனால் உங்கள் தெருவுக்கு நான் சொல்வது வேறு: ஃபில்டரை ஹெட்லைட்டுக்குப் பின்னால், உயரத்திலேயே வைத்து, சுற்றிலும் தகட்டில் ஒரு பெட்டி அடைத்து, வெளிக்காற்றுக்கு முன்பக்கம் ஒரு வாய் விடுங்கள். பெட்டியின் மேல்விளிம்பு பானட்டில் ஒட்ட ரப்பர் வையுங்கள். பெட்டிக்குக் காரின் நிறத்தையே அடித்தால் அது ஃபெண்டரின் பகுதி போலவே தெரியும். பம்பருக்குள் புதைப்பதைவிட இதுதான் எனக்குப் பிடித்த வேலை.

ஸ்விஃப்ட் டீசல். இதே வேலை செய்யலாமா? (மதுரை)

செய்யலாம், லாபம் குறைவு. டர்போவுக்கு முன்னாலுள்ள குழாயை மட்டும் மாற்றுங்கள். டர்போவுக்குப் பின்னால் உள்ளது அழுத்தம் தாங்கும் குழாய், அங்கே கம்பெனிப் பொருளே இருக்கட்டும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டால் எண்ணெயை அளவாகத் தடவுங்கள். அதிகமானால் எம்ஏஎஃப் கம்பியில் படிந்து, இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஏற்பாடு) கணக்கு தவறும்.

கான்டெஸா, இசுசு 1.8, கார்புரேட்டர். மேலே உட்கார்ந்திருக்கும் பெரிய வட்டப் பெட்டியை எடுக்க வேண்டும். சென்சார் இல்லாததால் சுலபம்தானே? (ஈரோடு)

சென்சார் இல்லை, ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணம் இருக்கிறது. கார்புரேட்டரின் வாய்க்கு மேல் ஒரு தொப்பி செய்து, அதிலிருந்து குழாயை ஃபெண்டருக்குக் கொண்டுபோவதுதான் வழி. கிண்ணம் மூச்சுவிடும் துளை எங்கே திறக்கிறது என்று முதலில் பாருங்கள். அது ஏர் கிளீனருக்குள் திறந்தால், தொப்பிக்குள்ளேயே இருக்க வேண்டும். வாயில் ஓர் அழுத்தமும் கிண்ணத்தில் வேறோர் அழுத்தமும் இருந்தால் கலவை எப்போதும் பிசகும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை எவ்வளவு மாற்றினாலும் பிடிபடாது. தொப்பிக்குள் போதிய உயரமும் வேண்டும். காற்று சட்டென்று திரும்பினால் திணறும்.

பெரோடுவா மைவி. பைப்பை மாற்றியதும் சென்சார் வயர் எட்டவில்லை. இழுத்து நீட்டலாமா அண்ணே? (ஈப்போ, மலேசியா)

நீட்டலாம். அதே தடிமன் வயர், சரியான கிரிம்ப் அல்லது ஈயம், மேலே சுருங்கும் ஸ்லீவ். இக்னிஷன் காயில், ஆல்டர்நேட்டர் பக்கம் ஒட்டிப் போக வேண்டாம். காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சாரைக் குழாய்க்கு வெளியே தொங்க விடாதீர்கள். இன்ஜின் அறைச் சூட்டைப் பார்த்து இசியு இக்னிஷன் டைமிங்கைக் குறைத்துவிடும்.

ஆர்டிஓ பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, வண்டி கம்பெனியின் குறிப்புகளிலிருந்து மாறக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. வாரண்டியில் உள்ள வண்டியைத் தொடாதீர்கள். பழைய பெட்டியையும் குழாயையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

வேலை முடிந்ததும் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

2013 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்4 வண்டிகளில் ஓபிடி-2 (இசியு சொல்வதைப் படிக்க உதவும் செருகுமிடம்) உண்டு. ஒரு ப்ளூடூத் ரீடரைச் செருகி, பழைய பெட்டி இருக்கும்போதே நீண்டகால ஃப்யூவல் ட்ரிம்மையும் (எரிபொருள் அளவில் இசியு தானே செய்யும் திருத்தம்) உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதே சாலை, அதே நேரம், மறுபடி குறியுங்கள். ட்ரிம் ஐந்து சதவீதத்துக்குள் நகர்ந்தால் சரி. பத்தைத் தாண்டினால் கசிவோ சென்சார் தவறோ இருக்கிறது.

அப்புறம், அடைப்பைப் பார்க்க இன்னொரு வழி. த்ராட்டிலுக்கு (இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) முன்னால் குழாயில் சிறு துளையிட்டு ஒரு நிப்பிள் வைத்து, அதில் உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் ட்யூபை மாட்டி, யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இன்ஜின் பக்கம் ஏறாத அளவுக்கு ட்யூப் உயரமாக இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க, டிராக்கிலோ டைனோவிலோ (வண்டியை ஒரே இடத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கும் இயந்திரம்) முழு த்ராட்டில் கொடுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று பழைய பெட்டியிலும் புதிய குழாயிலும் அளந்து ஒப்பிடுங்கள். புதியதில் வித்தியாசம் கூடினால் ஏதோ ஒரு வளைவு குறுகலாக இருக்கிறது. அதைப் பிரித்து அகலமான வளைவாகச் செய்த பிறகு பெயின்டுக்குக் கொடுங்கள்.