உப்பைக் குறைத்தும் பி.பி. இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பி.பி.க்கு டெல்மிசார்டான் மாத்திரை சாப்பிடுகிறார். சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்தும் 150/90-க்குக் கீழே வரவில்லை. மளிகை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? 'லோ சோடியம்' உப்பு வாங்கலாமா?

பதில்: டப்பாவில் குறைத்த உப்பு பாக்கெட்டில் வந்து சேர்ந்திருக்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புதான், அதாவது ஒரு டீஸ்பூன். பாக்கெட்டின் பின்பக்கம் உப்பு என்று இருக்காது. சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். 400 மி.கி. சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. அந்த எண் பெரும்பாலும் 100 கிராமுக்கானது, பாக்கெட் முழுவதற்கும் அல்ல. 70 கிராம் நூடுல்ஸில் '100 கிராமுக்கு 1,200' என்று போட்டிருந்தால் உள்ளே போவது 840 மி.கி.; ஒரே வேளையில் 2 கிராமுக்கு மேல் உப்பு. 100 கிராமுக்கு 120-க்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 600-ஐத் தாண்டினால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

நாக்கை நம்ப வேண்டாம். இனிப்பு பிஸ்கட்டிலும் சமையல் சோடா உண்டு, அதுவும் சோடியம்தான். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. சேர்மானப் பட்டியலில் 500, 621 என்ற எண்கள் தெரிந்தால் முறையே சோடா வகையும் அஜினமோட்டோவும் என்று புரிந்துகொள்ளுங்கள். கருவாடு, மோர் மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றைச் சில்லறையாக வாங்கினால் லேபிளே கிடையாது. அவற்றை என்றைக்காவது ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோ சோடியம் உப்பை இப்போது வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டான் ஏற்கெனவே உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மருந்து. சிறுநீரகமும் சற்றுப் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பே தடுமாறும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிட்டு, உங்கள் மருத்துவர் சரி என்றால் மட்டும் வாங்கலாம். இந்துப்பு, கல் உப்பு என்று மாற்றுவதில் பயனில்லை. அவையும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்காததாக இருந்தால் அதுவும் இல்லாமல் போவதுதான் மிச்சம்.

மாத்திரையை நிறுத்தாமல், காலையும் மாலையும் வீட்டில் பி.பி. பார்த்து ஒரு வாரம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள், அதுவும் பி.பி.யை ஏற்றும்.