கார் ஷெட்டில் காருக்கு இடம் கிடைக்க

கேள்வி: சென்னைப் புறநகர் முடிச்சூரில் தனி வீடு. கார் ஷெட் 10 அடி அகலம், 18 அடி நீளம். வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், பெயிண்ட் டப்பாக்கள், பழைய டயர், இன்வெர்ட்டர் பேட்டரி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. கார் தெருவில் நிற்கிறது. எதைத் தூக்கிப் போடப் போனாலும் அப்பா, "இருக்கட்டும், உதவும்" என்கிறார். ஐப்பசி மழைக்குள் ஒழுங்குபடுத்த வேண்டும். முதலில் ஒரு நல்ல ராக் வாங்கிவிடலாமா?

பதில்: ராக்கைக் கடைசியாக வாங்குங்கள். இப்போதே வாங்கினால் தரையில் கிடப்பதெல்லாம் அப்படியே அதில் ஏறிக்கொள்ளும், தரையில் புதிதாக வேறு சேரும். முதலில் முடிவாக வேண்டியது, காருக்கு எவ்வளவு தரை என்பதுதான்.

மழையில்லாத ஒரு ஞாயிறு காலையில் ஷெட்டை முழுக்கக் காலி செய்து, சாமான்களை வாசலில் தார்பாய் விரித்துப் பரப்புங்கள். உள்ளே வைத்தே பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றுவதாகத்தான் முடியும். பெருக்கிவிட்டு, காரை முன்பக்கமாக உள்ளே விட்டு, இடது சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நிறுத்துங்கள். உடன் வருபவர் வெளியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் கதவை நன்றாகத் திறந்து, கதவு முனை வரும் இடத்தையும் சேர்த்துக் காரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். சின்ன கார் என்றால் சுமார் 13 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். அப்படியானால் பின்சுவர் ஓரம் ஐந்தடி வரை மிஞ்சும். உங்கள் சாமான்களுக்கான இடம் அந்தப் பின்சுவர்தான். கோட்டுக்குள் ஒரு வாளிகூட வரக்கூடாது.

அடுத்தது அப்பா. சில விஷயங்களில் அவர் சொல்வதுதான் சரி. மிஞ்சிய டைல்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். நாலு வருஷம் கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறத்தில், அதே பேட்ச்சில் கடையில் கிடைப்பது அபூர்வம். ஒவ்வொரு வகையிலும் பத்து வைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியில் பேட்ச் எண் அச்சிட்ட பக்கத்தை மட்டும் வெட்டி அவற்றோடு கட்டி வையுங்கள். பெயிண்ட் அப்படியில்லை. மூடியை நெம்பித் திறந்தால் மேலே தோல் மாதிரி ஆடை கட்டியிருக்கும், அடியில் கட்டியாகியிருக்கும். அப்பாவுக்கு வேண்டியது உண்மையில் அந்த நிறம்தான். டப்பாவில் ஒட்டியிருக்கும் ஷேடு எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டால் நிறம் கையில் இருக்கிறது. மிச்சப் பெயிண்ட்டைச் சாக்கடையில் ஊற்றாமல், மணலோ மரத்தூளோ கலந்து இறுகவிட்டு அகற்றுங்கள். திறந்து வைத்த சிமென்ட் மூட்டை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் ஆனாலே சிமென்ட்டின் பலம் குறைய ஆரம்பித்துவிடும்.

மற்றவற்றை "வேண்டுமா, வேண்டாமா?" என்று அப்பாவிடம் கேட்டால் "வேண்டும்" என்றுதான் சொல்வார். "இதை எதற்கு எடுப்போம்?" என்று கேளுங்கள். அவரே பாதியை ஒதுக்குவார். அவர் பார்க்காதபோது மட்டும் எதையும் போடாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால், அப்புறம் ஒரு திருகாணியைக்கூட அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

டயர் இன்றே போக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு டயரின் உட்புறத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிந்துவிடும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. போகிக்கு எரிக்கலாம் என்று எடுத்து வைப்பதும் வேண்டாம், அந்தப் புகை நச்சு. பழைய பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். கேனில் பெட்ரோல் சேமிக்கவும் கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும்.

இப்போது ராக் வாங்கலாம். ஒன்றரை அடி ஆழமுள்ள ஸ்லாட்டட் ஆங்கிள் ராக் (துளையிட்ட இரும்புச் சட்டங்களில் தட்டுகளைப் பொருத்துவது) போதும், பின்சுவரில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்டபாடு உங்களுக்கே தெரியும். அதனால் கீழ்த்தட்டு தரையிலிருந்து இரண்டடியாவது உயரத்தில் இருக்கட்டும். டைல்ஸ் மாதிரிக் கனமானவை அந்தத் தட்டில், இலேசானவை மேலே. அட்டைப்பெட்டி கரையானுக்கு விருந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களே நல்லது. சைக்கிள்களைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிடலாம்.

கார் உள்ளே வந்தபின் எலியைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் சூட்டுக்கு வந்து ஒயரைக் கடிக்கும். அரிசி மூட்டை, நாய்த் தீனி எதையும் ஷெட்டில் வைக்காதீர்கள். கேட்டுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே சுண்டெலி வந்துவிடும், அங்கே தகடு அடித்து அடைத்துவிடுங்கள்.