எர்த் பின்னை உடைக்கலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கே: ரிச்சி தெருவில் பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். இரண்டு பின் பிளக். தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது, டெஸ்டரும் எரிகிறது. "பழைய செட் அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். (மதுரை)

ப: அவர் சொல்வது பாதி உண்மை. எழுபதுகளின் ஜப்பான் செட்டுகள் பல, எர்த் இல்லாமலே வந்தவை. டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சொற்பக் கசிவு இருக்கும், நியான் டெஸ்டர் அதற்கே எரியும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போயிருந்தாலும் இதே சுர்தான். எது என்று டெஸ்டரால் சொல்ல முடியாது. மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அதுவரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

கே: டர்ன்டேபிளில் இரண்டு ஆடியோ வயரோடு ஒரு மெல்லிய வயரும் தொங்கியது. எதிலும் செருக முடியாததால் வெட்டிவிட்டேன். இப்போது ஒரே 'ம்ம்ம்' சத்தம். (ஈரோடு)

ப: வெட்டியது எர்த் வயரை. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சும்மா இருக்கும் திருகு அதற்குத்தான். அடுத்த முறை வெட்டுவதற்கு முன்னால் எழுதுங்கள்.

கே: கேபிள் டிவி பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் இரைச்சல். எலக்ட்ரீஷியன் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தார், நின்றுவிட்டது. சரிதானே? (திருச்சி)

ப: இல்லை. இதை எத்தனை தரம் எழுதினாலும் யாராவது ஒருவர் கட்டிங் பிளேயரோடு கிளம்பிவிடுகிறார். அந்தப் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதே, செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. உள்ளே ஃபேஸ் வயர் கழன்று உலோகப் பெட்டியில் பட்டால், மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும். பின் இல்லையென்றால் ஃபியூஸ் போகாது. பெட்டி 230 வோல்ட்டோடு அப்படியே நிற்கும், யாராவது தொடும்வரை. "வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே" என்பீர்கள். இருந்தால் நல்லது. ஆனால் எர்த் இல்லாத செட்டில், உங்களுக்கு அடி விழுந்த பிறகுதான் அது விழும்.

இரைச்சலுக்கு வருவோம். கேபிள்காரரின் வயர் வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கிறது, உங்கள் ஆம்ப்ளிஃபயர் வீட்டில். இரண்டுக்கும் உள்ள சின்ன வோல்ட் வித்தியாசம், ஆடியோ வயரின் உலோக வலை உறை வழியே 50 ஹெர்ட்ஸ் மின்சாரமாக ஓடுகிறது. கேபிள் வயரை மட்டும் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டு வாங்கி ஆடியோ வயரின் நடுவில் போடுங்கள். இருப்பதிலேயே மலிவானது வேண்டாம். நான் அப்படி ஒன்று வாங்கினேன். இரைச்சலோடு மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) நாதமும் போய்விட்டது.

புதிய பிளக்கை இன்றே மாட்டுங்கள். எலக்ட்ரீஷியனையும் மாற்றுங்கள்.

கே: பழம்பொருள் கடையின் இணையப் பக்கத்தில் வால்வு ரேடியோ 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். "சர்வீஸ் செய்தது, பயமில்லாமல் போடலாம்" என்று எழுதியிருந்தார்கள். குமிழைத் திருப்பிய அம்மாவுக்கு ஷாக் அடித்தது. திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். (நாகர்கோவில்)

ப: அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள், ரேடியோவை யாரும் தொட வேண்டாம். பெரும்பாலும் இது ஏசி/டிசி செட்டாக இருக்கும். அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, லைனின் ஒரு வயர் நேரே சேசிஸுக்கு, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டத்துக்கு, போகும். பிளக் மாறிச் செருகப்பட்டால் சேசிஸே ஃபேஸ். குமிழின் குட்டித் திருகு வழியாக அது விரலுக்கு வரும். இந்த வகைக்கு எர்த் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஷார்ட் ஆகும். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (செட்டை லைனிலிருந்து பிரித்து வைப்பது) வைத்துத்தான் போட வேண்டும். இதை வாங்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், விற்றவர் தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கடைக்காரர் என்பதால் இந்த வழி. வீட்டுப் பொருளைத் தள்ளிவிட்ட தனிநபர் என்றால் கஷ்டம்தான்.

கே: மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள். ஸ்டெப்-டவுன் போட்டும் பாட்டு இழுக்கிறது. (கோவை)

ப: ஸ்டெப்-டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏசி மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டியது 28-ஐக்கூடத் தொடாது. அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரின் அச்சில் மாட்டும் சின்னச் சக்கரம்) கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டெப்-டவுன் பெட்டியில் எர்த் தொடர்ச்சியையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பல பெட்டிகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான்.