தமாக்சிஃபென் சாப்பிடும் அம்மாவுக்கு சிபிடி எண்ணெய் தரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் தடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் புற்றுச் செல்களைச் சாகடிக்கும், அழற்சியையும் குறைக்கும் என்கிறார்கள். தினமும் சில சொட்டு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தமாக்சிஃபென் சாப்பிடும்வரை கண்டிப்பாக வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டது கட்டுக்கதை இல்லை. ஆய்வகத் தட்டில் வளரும் மார்பகப் புற்றுச் செல்கள்மேல் சிபிடியை விட்டால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கசிந்து, செல்லைச் சாகடிக்கும் காஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. செல் தன்னையே துண்டு துண்டாக்கிக்கொண்டு அடங்கிவிடுகிறது. இது அப்போப்டோசிஸ், சத்தமில்லாத சாவு. அழற்சியில் வேறு கதை. அங்கே நோயெதிர்ப்புச் செல் உப்பி வெடித்துச் சாகும். உள்ளிருந்து சிதறும், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதம் பக்கத்துத் திசுவையும் பற்றவைக்கும். இதன் பெயர் பைரோப்டோசிஸ். ஆய்வகச் சோதனைகளில் சிபிடி இந்த வெடிப்பை அடக்கியிருக்கிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் சாவைத் தூண்டுகிறது, இன்னோரிடத்தில் தடுக்கிறது. எந்தச் செல், எவ்வளவு மருந்து என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அந்த 'எவ்வளவு'தான் இடிக்கிறது. தட்டில் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் அளவில் விடுகிறார்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 3,100 நானோகிராம். ஆரோக்கியமானவர்களுக்கு வெறும் வயிற்றில் 1,500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் ஏறியது மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் அளவுக்குத்தான். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நான்கைந்து மடங்கு கூடும், அப்போதும் எட்டவில்லை. அதிலும் பெரும்பகுதி ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். சில சொட்டு எண்ணெயில் இருப்பது சில பத்து மில்லிகிராம்.

நான் பயப்படுவது கல்லீரலை நினைத்து. தமாக்சிஃபென் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் சிஒய்பி2டி6, சிஒய்பி3ஏ4 என்ற நொதிகள் அதை எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவமாக மாற்றிய பிறகே முழு பலன். அதே நொதிகளைத் தடுக்கும் தன்மை சிபிடிக்கு உண்டு. பலன் நிரூபிக்கப்பட்ட மாத்திரையை, உறுதியில்லாத ஒன்றுக்காகப் பலவீனப்படுத்தலாமா? அமெரிக்காவில் 2018-இல் சிபிடிக்கு அனுமதி கிடைத்தது சில அரிய வலிப்பு நோய்களுக்கு, புற்றுநோய்க்கு அல்ல. அந்த மருந்தின் குறிப்பிலேயே கல்லீரல் எச்சரிக்கை இருக்கிறது.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, பாட்டிலோடு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள், திட்டமாட்டார். கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அம்மாவுக்கு உடம்பு திடீரென்று கொதிப்பதோ மூட்டுவலியோ இருந்து அதற்காக எண்ணெயைத் தேடினீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படி உடம்பு கொதிப்பதற்கு வென்லாஃபாக்சின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அதற்கே தரப்படும் பராக்செட்டின் கூடாது, அதுவும் சிஒய்பி2டி6-ஐத் தடுக்கும்.